ஊசியும் பூவாளியும்

முதியவர்களிடம் அன்பு காட்ட நாம் அடிக்கடி பயன்படுத்தும் சொல் எது? சற்று எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. 'விடுங்க' என்பதுதான் அந்தச் சொல். "விடுங்க பாட்டி, இந்த வெயில்ல தோட்டத்துக்கு எதுக்குப் போறீங்க?" "விடுங்கம்மா, போர்வைதானே, கடையில பத்து வெள்ளிக்கு வாங்கிக்கலாம்." சொல்பவர் மனத்தில் பாசம் இருக்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஐம்பது ஆண்டுகளாகக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் வேலையை அந்தப் பாசம் ஒரே சொல்லில் பிடுங்கிவிடுகிறது. வெயில் கடுமையாக அடிக்கும் வாரத்தில் முதியவர்களைத் தையலையும் தோட்டத்தையும் கைவிடச் சொல்வதைவிட, அவற்றில் ஒரு பங்கை இளையர்களாகிய நாம் எடுத்துக்கொள்வதே சரியான அன்பு என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. சித்திரை வெயிலையும் அக்கினி நட்சத்திரத்தையும் பாடநூலில் மட்டுமே படித்த நமக்கு, இங்கு ஆண்டு முழுவதும் ஒரே வெயில்தான் என்ற எண்ணம் உண்டு. உண்மையில், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் காற்று ஓய்ந்து புழுக்கம் கூடுகிறது. 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் அதே 37 டிகிரி மீண்டும் பதிவானது. தொடர்ந்து மூன்று நாள்களுக்கு உச்ச வெப்பநிலை 35 டிகிரியை எட்டி, அந்நாள்களின் சராசரி வெப்பநிலையும் 29 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அதை இங்கு வெப்ப அலை என்கிறார்கள்.

ஆனால் வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் ஆறாது. ஆறாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால்தான் 2023 ஜூலையில் வெப்ப அழுத்த அறிவுரை என்ற ஒன்றை அரசாங்கம் அறிமுகப்படுத்தியது. வெப்பநிலை, காற்றின் ஈரம், காற்று வீசும் வேகம், வெயிலின் கடுமை ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெப்ப அழுத்தம் குறைவு, 31ஐத் தாண்டினால் மிதம், 33ஐத் தாண்டினால் அதிகம். கைப்பேசிச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே, வெயிலில் முதியவர்கள் வெளியே போவது ஆபத்து என்று அஞ்சுபவர்களின் அச்சம் நியாயமானதுதான். அந்த அச்சத்துக்கு நாம் கண்டுபிடித்த மருந்துதான் சரியில்லை என்கிறேன்.

செம்பவாங்கில் ஒரு வாரம்

நான் செம்பவாங்கில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பவள். பெரியம்மாவுக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் இன்று தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. எங்கள் புளோக்குக்கு அருகிலும் ஒன்று உண்டு. அதில் பெரியம்மாவுக்கு ஒரு பாத்தி. வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, பந்தலில் பாகல், ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான் அவருடைய நிலபுலன்.

தேர்வுகள் முடிந்த ஒரு மே மாதத்தில், ஒரே வாரத்தில் இரண்டு கடமைகள் அவர் தலையில் வந்து விழுந்தன. பொங்கோலில் இருக்கும் அக்காவின் குழந்தைக்குச் சனிக்கிழமை முப்பதாம் நாள். அதற்குள் ஓர் ஒட்டுப்போர்வை தைத்து முடிக்க வேண்டும். பக்கத்துப் பாத்திக்கார மலாய் அம்மா ஊருக்குப் போயிருந்ததால், இரண்டு பாத்திகளுக்கும் தண்ணீர் ஊற்றும் முறையும் அவருடையதே. வெயிலோ, மழையே இனி வராது என்பதுபோல் அடித்தது. தொலைபேசியில் அண்ணன் வழக்கமான சொல்லைத்தான் சொன்னார்: "விடுங்கம்மா, ரெண்டையும் விடுங்க."

பெரியம்மா விடவில்லை. அவர் தாளில் அட்டவணை எதுவும் போட்டுக்கொள்ளவும் இல்லை. வெயிலையே கடிகாரமாக வைத்துக்கொண்டார். ஏழு மணியளவில் சூரியன் எழும் ஊர் இது. ஆறே முக்காலுக்குத் தோட்டத்தில் இருந்தால் எட்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரடியில் ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு காய்ந்த சருகை மண்மேல் பரப்பி மூடாக்குப் போட்டால், மாலைவரை ஈரம் தங்கும். கீரை நாற்றுகளுக்கு மேலே நான்கு குச்சி நட்டு, நைந்த நூல்சேலையின் பாதியைக் கட்டிவிட்டால் நண்பகல் வெயில் வடிகட்டி இறங்கும். தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டுவதும் காலை வேலையில் சேர்ந்ததுதான். 2020ஆம் ஆண்டு 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த நாடு இது. செடிக்கு ஊற்றிய தண்ணீரில் கொசு வளர்ப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை தையல். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அடுக்கடுக்கான துணியை மடியில் போட்டுக்கொண்டு தைத்தால் அந்தப் புழுக்கத்தில் உட்காரவே முடியாது. ஆகவே பகலில் உள்ளங்கை அளவு வேலை மட்டும்: துணியைக் கட்டம் கட்டமாக வெட்டுவது, இரண்டிரண்டாக இணைப்பது. அரையடிக் கட்டங்கள் வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, ஆக 36. மூன்றடிக்கு மூன்றடியில் குழந்தைக்குப் போதுமான அளவு. வரிசைகளை ஒன்றாகச் சேர்ப்பதும், அடியில் இன்னொரு சேலைத்துணியை வைத்து இரண்டையும் சேர்த்து இழையோட்டுவதும் இரவு ஒன்பது மணிக்குமேல், வீடு குளிர்ந்தபின். விரல் வியர்த்தால் ஊசி வழுக்கும், துணியில் மாட்டிக்கொண்டு நகராது. அதற்குப் பக்கத்தில் ஒரு டப்பா முகப்பவுடர். மின்விசிறி நேராக வீசினால் நூல் சிக்கும். அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்.

தையலில் மிஞ்சிய ஓரத் துண்டுகள் குப்பைக்குப் போகவில்லை. மறுநாள் காலை அவை தோட்டத்துக்குப் போயின. பாகல்கொடியைப் பந்தலில் கட்ட நைலான் கயிற்றைவிட நூல்துணிதான் நல்லது, தண்டை அறுக்காது. வியாழக்கிழமை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் கொட்டித் தீர்த்தன. அன்று காலைத் தோட்டம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பெரியம்மா தையலுக்குத் திருப்பிக்கொண்டார். இரு வேலைகளும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நாம் நினைக்கிறோம். அந்த வாரத்தில் ஒன்றின் ஓய்வு நேரம்தான் மற்றொன்றின் வேலை நேரமாக இருந்தது.

இதில் என் பங்கு என்ன? தண்ணீர் தூக்குவது முழுக்க என்னுடையது. நிறைந்த பூவாளி கனமானது; இரண்டு பாத்திகளுக்கு எட்டு நடை. நான் தூக்க, பெரியம்மா நிழலில் நின்று எந்தச் செடிக்கு எவ்வளவு என்று சொன்னார். செயலியில் அளவு 33ஐத் தாண்டினால் மாலையிலும் அவர் கீழே இறங்கக் கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். 36 கட்டங்களில் 14 நான் இணைத்தவை. என் தையல் நேர்க்கோட்டில் ஓடவில்லை. "கோணலா இருந்தா என்னா புள்ள, பிரியாம இருந்தா போதும்" என்றார் பெரியம்மா. வெள்ளிக்கிழமை இரவு போர்வை முடிந்தது. கீரையும் வாடவில்லை.

பொழுதுபோக்கு என்று யார் சொன்னது?

ஒட்டுப்போர்வையும் தோட்டமும் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்களுக்கு இந்தத் தீவின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் ஏறத்தாழ 400 பேர். ஆண்கள் அதே சிறையின் வேறொரு பகுதியில். ஒருவர் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அப்போது எத்தல் மல்வானி என்ற கனடிய மாது ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத் துணியில் தன் பெயரையும் தனக்குப் பிடித்த ஒன்றையும் தைத்துக் கொடுக்க வேண்டும். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. மருத்துவமனையில் இருந்த போர்க்கைதிகளுக்கென அவை அனுப்பப்பட்டன. கணவன்மார் அந்தப் பெயர்களைப் படித்து, மனைவி உயிரோடு இருப்பதை அறிந்துகொள்ளட்டும் என்பதே உள்நோக்கம். மூன்று போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று இலண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். இரண்டு கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். செம்பவாங்வாசிகளே, நம் கான்பெரா அல்ல, ஆஸ்திரேலியத் தலைநகர்!

அதே மக்கள் 1944 மே மாதத்தில் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே பெண்களும் மண்வெட்டி பிடித்துக் காய்கறி பயிரிட்டார்கள். முகாமுக்கு வெளியே நம்மவர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களும் கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிழைத்தார்கள். இதே வெயிலில், அரைவயிற்றோடு, ஊசியையும் மண்வெட்டியையும் அவர்கள் மாறி மாறிப் பிடித்தது பொழுது போகாததாலா?

சாங்கிப் போர்வைகள் பிழைத்ததற்கு ஒரு காரணம், அவற்றில் பெயர்கள் இருந்தன. நம் பாட்டிமார் தைத்ததில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. பழைய நூல்சேலையை நான்காக மடித்து ஓரம் தைத்தால் பிள்ளைக்கு விரிப்பு, விட்டத்தில் கட்டினால் தூளி, கிழிந்தால் ஒட்டு, ஒட்டும் கிழிந்தால் தரைத்துணி. அதோடு அது மறைந்துவிடும். வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைப்பார்கள். இன்று அது உலகெங்கும் விற்கிறது. கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளில் போர்வை தைத்து, நான்கு மூலைகளிலும் துணியைப் பூப்போல் மடித்து வைக்கிறார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையற்ற போர்வை. மலாய்க்காரர்களுக்குப் பெர்ச்சா என்ற துண்டுத்துணி வேலை இருக்கிறது. பெரியம்மாவின் பக்கத்துப் பாத்திக்காரர் அதில் கெட்டிக்காரர். நம்மிடமும் இருக்கிறது, 'கந்தல்' என்று சொல்லி நாமே ஒதுக்கிவிட்டோம்.

எதிர்வாதங்கள்

பத்து வெள்ளிக்குக் கிடைப்பதற்கு ஐந்து நாள் உழைப்பு ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணக்கணக்கில் ஒட்டுப்போர்வை தோற்றுத்தான் போகும். ஆனால் பலமுறை துவைத்து மெலிந்த நூல்துணி வியர்வையை உறிஞ்சும். செயற்கை இழைப் போர்வை அதைச் செய்யாது. இந்தப் புழுக்கத்தில் பச்சைக்குழந்தையின் தோலுக்கு எது ஏற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த 36 கட்டங்களில் ஒன்பது, காலமான எங்கள் பாட்டியின் சுங்குடிச் சேலையிலிருந்து வெட்டியவை. அதற்குக் கடையில் விலைச்சீட்டு கிடையாது.

நமக்கு நேரமில்லை என்றும் சொல்லலாம். கணக்குப் பார்ப்போம். காலையில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் தையல். ஆக ஒரு நாளைக்கு ஒன்றரை மணி. செம்பவாங்கிலிருந்து கெண்ட் ரிட்ஜுக்கு எம்ஆர்டியில் போய்வர எனக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. விடுமுறையில் அந்தப் பயணம் இல்லை. மிச்சமான நேரம் எங்கே போகிறது என்பதை அவரவர் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது: மயக்கம் போட்டு விழுந்துவிட்டால்? ஆம், விழலாம். அதனால்தான் பங்கு போடச் சொல்கிறேன். வெயில் நேரத்து வேலையும் சுமை தூக்கும் வேலையும் நம்முடையவை. நிழல் நேரத்து வேலையும் எது எப்போது என்ற அறிவும் அவர்களுடையவை. 'விடுங்க' என்று சொல்லிவிட்டு நாம் நம் அறைக்குப் போனால், அவர்கள் நாம் தூங்கும் நேரம் பார்த்துத் தனியாகத் தோட்டத்துக்குப் போவார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள். அத்தனை பேரையும் ஏர்கோன் அறையில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைப்பதுதான் நம் திட்டமா?

மொழிச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

இது மொழிச் சங்கத்தின் மலர். தையலும் தோட்டமும் இங்கே எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் தமிழை வீட்டில் அதிகம் பேசுபவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. நாம் விவாதப் போட்டி நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், கலைவிழா எடுக்கிறோம். எல்லாம் நல்லவையே. ஆனால் மேடையில் பேசும் தமிழ் மேடையிலிருந்து இறங்கியதும் நின்றுவிடுகிறது. வீட்டில் தமிழ் பேச வேண்டுமானால், தமிழில் பேசிச் செய்வதற்கு வீட்டில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

ஜோகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கு ஊசி, நூல், பாத்தி எல்லாம் தமிழில் வந்தன. தேசிய இடைநிலைப்பள்ளியில் அவை ஜாரும், பெனாங், பாத்தாஸ் ஆயின. இங்கே ஆங்கிலம். மூன்று மொழியிலும் பெயர் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாரத்தில் பெரியம்மா வாயிலிருந்து வந்த சொற்கள் எந்தப் பள்ளியிலும் எனக்குக் கிடைக்காதவை. நட்ட மூன்றாம் நாள் நாற்றுக்கு ஊற்றுவது உயிர்த்தண்ணீர். வெயிலில் மேல்மண் காய்ந்து தகடாவது பொருக்குத் தட்டுவது. துணியின் வெட்டுவாயில் நூல் தலைகாட்டினால் பிசிறு. மடித்துத் தைக்காவிட்டால் இழை பிரிந்துவிடும். இச்சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பட்டியல் கொடுத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். கையில் பூவாளி இருந்தபோது கேட்டதால் மறக்கவில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, வரும் மே விடுமுறையில் உறுப்பினர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, அவரவர் பேட்டையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதியவருக்கு ஒரு வாரம் தண்ணீர் தூக்க வேண்டும். தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பாத்திக்காரரையும் சேர்த்துக்கொள்வோம். இரண்டாவது, ஓர் ஒட்டுப்போர்வை. உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய சேலைத்துண்டு கொண்டுவந்து, அதில் அந்தச் சேலையைக் கட்டியவரின் பெயரைத் தமிழில் தைக்க வேண்டும். தைக்கத் தெரியாதவர்கள் வீட்டில் தெரிந்தவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியே பாதிப் பயன். ஆண் உறுப்பினர்களுக்கு விலக்கு இல்லை. சிராங்கூன் சாலைத் தையற்கடைகளில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று தேக்காவுக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாரும் எழுதுவதுபோல் 'சிந்திப்போம்' என்று எழுதி முடிக்க எனக்கு விருப்பமில்லை. சிந்தித்தது போதும். அடுத்த முறை வீட்டில் 'விடுங்க' என்று சொல்ல வாய் எடுக்கும்போது, 'கொடுங்க' என்று சொல்லிக் கையை நீட்டுங்கள். தேர்வுகள் முடிந்த முதல் திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குச் செம்பவாங் எம்ஆர்டி நிலைய வாசலில் நிற்பேன். வருபவர்கள் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் ஒரு பழைய சேலைத்துண்டும் கொண்டுவாருங்கள்.